பனிக்கடியில் இருக்கும் எண்ணெய்க்கு நாமும் பொறுப்பு

2022-ஆம் ஆண்டில் இந்திய அரசு துருவப் பகுதிகளைப் பற்றி இரண்டு முடிவுகளை அறிவித்தது. மார்ச் மாதம் வந்தது ஆர்க்டிக் கொள்கை. வட துருவப் பகுதியின் இயற்கை வளங்களையும் கனிமங்களையும் பொறுப்போடு தேடும் வாய்ப்புகளில் இந்தியாவும் சேர வேண்டும் என்றது அது. ஆகஸ்டில் வந்தது இந்திய அண்டார்க்டிக் சட்டம். தென் துருவக் கண்டத்தில் கனிமத்துக்காகத் தோண்டுவதையும் துளையிடுவதையும் அது குற்றமாக்கியது. ஒரே நாடு, ஒரே ஆண்டு. வடக்கே ஒரு பதில், தெற்கே வேறொரு பதில்.

இரண்டுக்கும் காரணம் உண்டு. ஆர்க்டிக்கைச் சுற்றி இறையாண்மை உள்ள நாடுகளும், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் மக்களும் இருக்கிறார்கள். அண்டார்க்டிகாவில் குடிமக்கள் இல்லை. ஓர் உடன்படிக்கை இருக்கிறது. ஆனால் பனிக்கடியில் இருக்கும் பாறைக்கு இந்த வேறுபாடு தெரியாது. கசிந்த எண்ணெய் உறைகடலில் என்ன செய்யும் என்பதும் இரு துருவங்களிலும் ஒன்றுதான். இந்த இரண்டு பதில்களையும் அருகருகே வைத்துப் பேசும் பேச்சு நம்மிடையே எழவில்லை. அது திருவனந்தபுரத்தில் தொடங்கலாம், தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஏன் இந்த ஊர்? நகரத்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் போனால் வர்க்கலா. அங்கே கடலை ஒட்டி எழுந்து நிற்கும் பாறைச் சுவரை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. மேலே செம்புரைப் பாறை, கீழே மணற்பாறை, களிமண், ஊடே கறுத்த பழுப்பு நிலக்கரி. ஒரு வண்டல் படுகையின் விளிம்பு எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் காண இதைவிட வசதியான இடம் தென்னிந்தியாவில் அரிது. தாவரங்கள் சேற்றில் புதைந்தன, காற்றுப் படாததால் அழுகி மறையாமல் நின்றன, கருகின. ஆனால் அந்த அடுக்குகள் பெட்ரோலியம் பிறக்கும் ஆழத்துக்குப் போகவில்லை. பெட்ரோலியம் ஆக வேண்டுமானால் கடற்பாசிகளும் நுண்ணுயிர்களும் செறிந்த சேறு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்து, நூறு டிகிரி அளவு வெப்பத்தில் பல பத்து லட்சம் ஆண்டுகள் வேக வேண்டும். அதில் பிறந்த எண்ணெய் மேலேறி வந்து தங்க நுண்துளைகள் உள்ள மணற்பாறை வேண்டும். அதற்கும் மேலே, எண்ணெய் தப்பிவிடாதபடி இறுக்கமான மூடுபாறை வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கிணறு வறண்டதுதான்.

இதே கதையின் பெரிய அத்தியாயம் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தியாவும் கிழக்கு அண்டார்க்டிகாவும் பிரியத் தொடங்கின. நிலம் இழுபட்டுக் கிழிந்த இடங்களில் பள்ளங்கள் விழுந்தன. ஆறுகளும் கடலும் கொண்டுவந்த வண்டல் அவற்றை நிரப்பியது. அப்படி உண்டானவைதான் காவிரிப் படுகையும் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையும். நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது இதனால்தான். கிழிந்த நிலத்தின் மறு கரை இன்று அண்டார்க்டிகாவின் எண்டர்பி நிலத்துக்கு அப்பால் கடலடியில் கிடக்கிறது. ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரியையும் அண்டார்க்டிகாவின் இளவரசர் சார்லஸ் மலைகளில் தெரியும் நிலக்கரியையும் படியவைத்தவை ஒரே காலத்துச் சதுப்புகள். இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் 2012 முதல் இயங்கும் லார்ஸ்மன் குன்றுகள் அந்த மலைகளிலிருந்து இறங்கி வரும் பள்ளத்தாக்கின் வாயருகே இருக்கின்றன. நம் மாவட்டத்துப் பொன்முடியின் அடித்தளப் பாறையோடு ஒப்பிடத்தக்க பாறைகள் இலங்கையிலும் அண்டார்க்டிகாவிலும் உண்டு. நம் நகரத்து ஆக்குளத்தில் உள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இப்படிப்பட்ட பழம்பாறைகளை ஆராயும் நிறுவனம். 1978-ல் மாநில அரசு தொடங்கிய அந்த நிறுவனம் 2014 முதல் மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அண்டார்க்டிகாவில் இந்தியாவின் சார்பாகப் பேசுவதும் அதே அமைச்சகம்தான்.

நம் மாநிலம் அந்தப் பேச்சுக்கு இடமும் கொடுத்தது. 2024 மே 20 முதல் 30 வரை அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகளின் 46-ஆவது ஆலோசனைக் கூட்டம் கொச்சியில் நடந்தது. அந்த மேசையில் வாக்கெடுப்பு என்ற பழக்கமே இல்லை; எல்லோரும் ஒப்பினால்தான் முடிவு. 1983 முதல் அதில் முழு உரிமையோடு அமர்ந்திருக்கும் நாடு இந்தியா. நம்மூரிலிருந்து நான்கைந்து மணி நேர ரயில் தூரத்தில் ஒரு கண்டத்தின் எதிர்காலம் பேசப்பட்டது. நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்?

அண்டார்க்டிகாவில் எண்ணெய் தேடக் கூடாது என்ற முடிவு எளிதாக வந்துவிடவில்லை. 1973-ன் தொடக்கத்தில் குளோமர் சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் ராஸ் கடலின் அடியில் துளையிட்டபோது மீத்தேன், ஈத்தேன் வாயுக்களின் தடயம் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையை முடக்கின; விலை பன்மடங்கு ஏறியது. பனிக் கண்டத்தைப் பார்த்து உலகத்துக்கு நாவூறியது அப்போதுதான். பல ஆண்டுப் பேச்சுக்குப் பின் 1988-ல் வெலிங்டனில், நிபந்தனைகளோடு சுரங்கத்தை அனுமதிக்கும் ஓர் உடன்பாடு தயாரானது. மறு ஆண்டு ஜனவரியில் அர்ஜென்டினாவின் பாஹியா பராய்சோ கப்பல் அண்டார்க்டிக் தீபகற்பத்தில் தரைதட்டி டீசலைக் கக்கியது. மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் உடைந்து நான்கு கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் பரவியது. பிரான்சும் ஆஸ்திரேலியாவும் பின்வாங்கின. வெலிங்டன் உடன்பாடு நடைமுறைக்கு வராமலே செத்தது. அதன் இடத்தில் 1991 அக்டோபர் 4-ஆம் தேதி மாட்ரிட்டில் கையெழுத்தானது சுற்றுச்சூழல் நெறிமுறை. அதன் ஏழாவது பிரிவு ஒரே வரி: அறிவியல் ஆய்வு தவிர, கனிம வளம் தொடர்பான எந்த நடவடிக்கையும் கூடாது. இருபதாம் நூற்றாண்டில் நாடுகள் கூடி எடுத்த முடிவுகளில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. தேடினால் கிடைக்கலாம் என்று தெரிந்த பிறகும் தேட வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இந்தத் தடை 2048-ல் காலாவதியாகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. நெறிமுறை நடைமுறைக்கு வந்தது 1998 ஜனவரியில். அதிலிருந்து 50 ஆண்டு கழிந்தால், முழு உரிமையுள்ள எந்த நாடும் மறுஆய்வு மாநாடு கேட்கலாம், அவ்வளவுதான். சுரங்கத் தடையை எடுக்கும் திருத்தத்தை அந்த மாநாடு ஏற்க, 1991-ல் முழு உரிமையோடு இருந்த 26 நாடுகளில் முக்கால் பங்கு ஒப்ப வேண்டும்; அது நடைமுறைக்கு வர அந்த 26 நாடுகளுமே ஏற்புறுதி தர வேண்டும். அதற்கு மாற்றாக எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரு சட்ட ஏற்பாடும் இருக்க வேண்டும். அந்த 26-ல் இந்தியா ஒன்று. 2048-ல் நம் நாடு என்ன சொல்லும் என்பதைத் தீர்மானிக்கப் போகிறவர்கள் இன்று பள்ளியில் படிக்கிறார்கள்.

கொச்சிக் கூட்டம் நடந்த அதே மாதம் ஓர் எண் செய்திகளில் வந்தது. அண்டார்க்டிகாவின் வெட்டல் கடலில் ரஷ்யக் கப்பல்கள் 51,100 கோடி பீப்பாய் எண்ணெய்க்கான அறிகுறியைக் கண்டதாகப் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவில் பேசப்பட்டது. இந்த மாதிரி எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். கிணறு தோண்டாமல், ஒலி அலைகளின் எதிரொலியை வைத்து மட்டும் கணக்கிடுவது படுகையின் கொள்ளளவைப் பற்றிய ஊகமே ஒழிய, எண்ணெயின் கையிருப்பு அல்ல. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் இந்த வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். புதையல் என்ற ஆசை கிளம்பிவிட்டால் தடையைக் காப்பது கடினம்.

வடக்கே நிலைமை வேறு. அங்கே தோண்டத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அலாஸ்காவின் பிரூடோ விரிகுடா வயல் 1968-ல் கண்டுபிடிக்கப்பட்டது. மேற்கு சைபீரியாவின் பிரம்மாண்டமான வயல்களுக்கு எண்ணெய் தந்தது ஜுராசிக் காலக் கடலில் படிந்த கரும்பாறை. துருவத்தில் இவ்வளவு கரிமப் பொருள் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். 2004-ல் வட துருவத்துக்கு அருகே லொமனோசோவ் முகட்டில் துளையிட்டு எடுத்த மண் உருளைகள் ஒரு விடை தந்தன. ஏறக்குறைய 4.9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் அசோலா நிறைந்து கிடந்தது. நம் விவசாயிகள் நெல் வயலில் மிதக்க விடுகிறார்களே, மாட்டுத் தீவனமாகத் தொட்டியில் வளர்க்கிறார்களே, அதே இனத்து நீர்ப்பெரணி. அன்று ஆர்க்டிக் கடலின் மேற்பரப்பு நன்னீராக இருந்தது, பனி இல்லை, வெதுவெதுப்பான ஒரு மூடிய கடல். செத்து அடியில் படிந்த பசுமை அங்கேயே புதைந்தது. காற்றிலிருந்த கரியமில வாயுவை அது இழுத்துக்கொண்டு போனதால் பூமி குளிரத் தொடங்கியது என்று வாதிடும் விஞ்ஞானிகள் உண்டு. அந்தக் கருத்து சரியானால், அந்தப் பகுதியின் கரியைத் தோண்டி எரிப்பது பூமி தானே செய்துகொண்ட சிகிச்சையைக் கலைப்பதாகும்.

2008-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இன்னும் கண்டுபிடிக்கப்படாத எண்ணெய் 9,000 கோடி பீப்பாய் இருக்கலாம் என்றது. உலகில் கண்டுபிடிக்கப்படாத எண்ணெயில் அது 13 சதவீதம். இயற்கை எரிவாயுவில் 30 சதவீதம். பெரும்பகுதி கடலுக்கடியில். பிரமிக்க வைக்கும் எண்தான். ஆனால் உலகம் இன்று ஒரு நாளைக்குச் சுமார் 10 கோடி பீப்பாய் எரிக்கிறது. கணக்குப் போட்டால் அந்த 9,000 கோடியும் இரண்டரை ஆண்டுக்குக் காணும். அதுவும் முழுவதும் கிடைத்தால்.

முழுவதும் கிடைக்காது என்பதற்குப் புவியியலே காரணம் சொல்கிறது. நார்வேக்கு வடக்கே பாரன்ட்ஸ் கடலைப் பாருங்கள். எண்ணெய் பிறக்கும் மூலப்பாறை அருமையானது, மணற்பாறை உண்டு, எண்ணெயைச் சிறைவைக்கும் பொறிகளும் உண்டு. ஆனால் அந்த நிலம் மேலே எழும்பியது. பனியுகங்களில் நகர்ந்த பனிப்பாளங்கள் மேலிருந்த பாறையை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் சுரண்டிக் கடலில் தள்ளின. சுமை குறைந்ததும் ஆழத்தில் எண்ணெயோடு கரைந்திருந்த வாயு பிரிந்து விரிந்தது. பாட்டிலின் மூடியைத் திறந்ததும் சோடா நுரைத்துப் பொங்குவதைப் போல. விரிந்த வாயு எண்ணெயைப் பொறிகளுக்கு வெளியே தள்ளியது. மூடுபாறைகள் விரிசல் கண்டன. எண்ணெய் இருந்த கறை மட்டும் மிஞ்சிய கிணறுகள் அங்கே பல. 1984-ல் கண்டுபிடித்த ஸ்னோவிட் வாயு வயலும், 2025-ல் உற்பத்தி தொடங்கிய யோஹான் காஸ்ட்பெர்க் எண்ணெய் வயலும் அப்படித் தப்பிப் பிழைத்தவை. அலாஸ்காவை ஒட்டிய சுக்சி கடலில் ஷெல் நிறுவனம் ஏறக்குறைய 700 கோடி டாலர் செலவழித்து, எடுக்கத் தகுந்த அளவு எதுவும் இல்லை என்று 2015 செப்டம்பரில் மூட்டை கட்டியது. 2021-ல் கிரீன்லாந்து அரசு புதிய எண்ணெய் உரிமங்களே இனி இல்லை என்று அறிவித்தது. ஐம்பத்தாறாயிரம் பேர் வாழும், வருமானத்துக்குத் தவிக்கும் ஒரு தேசம் அந்த முடிவை எடுத்தது என்பதைப் பெரிய நாடுகள் மனத்தில் வைக்க வேண்டும்.

இனி நம் பணத்தின் கதை. 2016-ல் ஓஎன்ஜிசி விதேஷ் ரஷ்யாவின் வான்கோர் வயலில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆயில் இந்தியா, இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம் சேர்ந்து 23.9 சதவீதம் வாங்கின. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, யெனிசெய் ஆற்றுப் பகுதியில் இருக்கிறது வான்கோர். அதன் ஏறக்குறையப் பாதி இந்தியப் பொதுத்துறையின் கையில். தம்பானூரில் பெட்ரோல் போடுகிறவரும் பூந்துறையில் படகுக்கு மண்ணெண்ணெய் வாங்குகிறவரும் அந்த முதலீட்டின் பங்காளிகள்தான். யெனிசெய் கலக்கும் காரா கடலில் கோடையில் பனி குறையும் ஆண்டுகளுக்கும், செப்டம்பரில் இந்தியாவில் கொட்டும் அதிகனமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். வெள்ளம் என்றால் என்ன என்று 2018-க்குப் பிறகு கேரளத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

விபத்து நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் தூரத்து உதாரணம் தேவையில்லை. 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்எஸ்சி எல்சா 3 கப்பல் ஆலப்புழைக்கு அப்பால் மூழ்கியது. 640 கன்டெய்னர்கள், அவற்றில் 13-ல் ஆபத்தான சரக்கு, தொட்டிகளில் 84 டன் டீசல், 367 டன் உலை எண்ணெய். கடலோரக் காவல்படை அருகில் இருந்தது. கடற்படை இருந்தது. துறைமுகங்கள் இருந்தன. கடல் வெப்பக் கடல். அப்படியும் பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் ஒதுங்கின. தன்னார்வலர்களும் கடலோரக் குடும்பங்களும் மணலைச் சலித்து எடுத்தார்கள். மீன் விலை போகாமல் வீடுகள் தவித்தன. மாநில அரசு அதைப் பேரிடராக அறிவித்தது. இதே விபத்தை மாதக்கணக்கில் நீளும் இருளும் மிதக்கும் பனியும் உள்ள ஒரு கடலில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குத் துறைமுகமே இல்லாத இடத்தில் வைத்து நினைத்துப் பாருங்கள். குளிரில் எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்யும். பனிக்கடியில் புகுந்த எண்ணெயைத் திரட்டி எடுக்கும் நம்பகமான வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. எக்ஸான் வால்டெஸின் எண்ணெய் பல பத்தாண்டுகள் கழித்தும் அலாஸ்காக் கரையின் கூழாங்கற்களுக்கடியில் இருந்தது. அந்தக் கரை ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருக்கிறது. 2020-ல் நொரில்ஸ்க் நகரில் ஒரே ஒரு தொட்டி உடைந்து இருபதாயிரம் டன்னுக்கு மேல் டீசல் ஆற்றிலும் மண்ணிலும் கலந்தது.

துருவத்தைப் பற்றிப் பேசும்போது நம் வாசலை மறக்கக் கூடாது. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் சுமார் 27,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மூன்று தொகுதிகள் எண்ணெய் தேட ஓஎன்ஜிசிக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மீனவர்கள் எதிர்க்கிறார்கள். அந்தக் கடற்பகுதியில் இருக்கும் வெட்ஜ் பேங்க், விழிஞ்ஞத்து மீனவருக்கும் தூத்தூர் மீனவருக்கும் பொதுவான மீன்வளத் திட்டு. 1976-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஏற்பாட்டிலேயே ஒரு குறிப்பு உண்டு: இலங்கைப் படகுகளுக்கு அங்கே மூன்றாண்டு அனுமதி, ஆனால் அதற்குள் இந்தியா பெட்ரோலியம் தேடத் தொடங்கினால் அந்தப் பகுதியில் மீன்பிடிப்பு நின்றுவிட வேண்டும். எண்ணெய்த் தேடலும் மீன்பிடிப்பும் ஒரே திட்டில் சேர்ந்து இருக்காது என்று ஐம்பது ஆண்டுக்கு முன்பே இரண்டு அரசுகளுக்கும் தெரிந்திருந்தது. அந்த அறிவை இன்று நம் சொந்த மீனவர்கள் விஷயத்தில் மட்டும் ஏன் ஒதுக்கி வைக்க வேண்டும்?

எண்ணெயே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. நாம் விலகினால் வேறொரு நாடு அந்த வயலை வாங்கும் என்று சொல்பவர்களின் கவலையும் பொய்யல்ல. ஆனால் பொறுப்பு என்பது மற்றவர் செய்யாதபோதும் நாம் செய்வது. பனிக்கடலில் புதிய வயல்களில் பொதுப் பணத்தைப் போடுவதில்லை என்று இந்தியா முடிவெடுத்தால் ஒரு நாள்கூட நம் அடுப்பு அணையாது. இன்றைய எரிபொருள் இன்றைய வயல்களிலிருந்து வருகிறது. புதிய ஆர்க்டிக் வயல் கண்டுபிடித்து எண்ணெய் வரப் பத்து, பதினைந்து ஆண்டு ஆகும். யோஹான் காஸ்ட்பெர்க்குக்குப் பதினான்கு ஆண்டு ஆயிற்று. அந்தக் காலத்தையும் பணத்தையும் பேருந்துகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் மாற்று எரிசக்தி தருவதில் செலவிட முடியும். படகு எஞ்சின் மாற்றத்தின் சுமையை மீனவக் குடும்பத்தின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு நகரத்தார் ஏசி காரில் போவது நியாயமாகாது. ஆகவே அந்தச் செலவில் நாம் எல்லோரும் பங்கு ஏற்க வேண்டும்.

ஒருமித்த கருத்து உண்டாக்குவது நமக்குப் புதிதல்ல. எண்ணெய், எரிவாயு எடுப்புக்கு எதிராக நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017-ல் எழுப்பிய குரல், 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டத்தில் போய் முடிந்தது. கடலடிக் கனிம ஏலத்துக்கு எதிராகக் கேரள சட்டமன்றம் 2025 மார்ச்சில் தீர்மானம் நிறைவேற்றியது. அண்டார்க்டிகாவின் சுரங்கத் தடையை 2048-க்குப் பிறகும் இந்தியா ஆதரிக்கும் என்று அறிவிக்கக் கோரும் தீர்மானம் இரண்டு மாநில சட்டமன்றங்களிலும் கட்சி பார்க்காமல் வர வேண்டும். ஆக்குளத்து விஞ்ஞானிகளும் கேரளப் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறையும் தங்களுக்குத் தெரிந்ததை மலையாளத்திலும் தமிழிலும் மக்கள் முன் வைக்க வேண்டும். கன்னியாகுமரித் தொகுதிகளின் ஆய்வுத் தரவுகளை மீனவர் சங்கங்கள் பார்க்கும்படி ஓஎன்ஜிசி வெளியிட வேண்டும். ஆசிரியர்கள் மாணவர்களை வர்க்கலாவின் பாறைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லலாம். அதற்கு அரசாணை தேவையில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். திருவனந்தபுரம் தொகுதியிலோ கன்னியாகுமரி தொகுதியிலோ நீங்கள் வாக்காளரானால், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தெற்கே சட்டம் போட்டுத் தடுத்ததை வடக்கே நம் பணத்தில் ஏன் அனுமதிக்கிறோம் என்று அவையில் கேட்கச் சொல்லுங்கள். வரும் பதிலை எங்களுக்கு அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம்.